பணம் எந்தத் திசையில் பாய்கிறது? அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் கால்பந்து ஆள்சேர்ப்பு வரலாறு

பள்ளி இறுதியாண்டில் படிக்கும் பதினேழு வயது மாணவன் ஒருவனின் வீட்டுக் கூடத்தில் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் வந்து அமர்கிறார். பெற்றோருடன் அன்பாகப் பேசுகிறார். மகனின் ஆட்டத்தைப் பாராட்டுகிறார். கல்லூரியின் பெருமையைச் சொல்கிறார். ஒரு நாள் வளாகத்துக்கு வந்து பார்க்குமாறு அழைக்கிறார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து உலகில் இந்தக் காட்சி ஏறத்தாழ நூறாண்டுகளாக நடந்துவருகிறது. அழைப்பின் சொற்கள் பெரிதாக மாறவில்லை. அந்தப் பேச்சின் முடிவில் யார் யாருக்குப் பணம் கொடுப்பது என்பது மட்டும் தலைகீழாக மாறியிருக்கிறது.

அங்கே கால்பந்து எனப்படுவது இந்தியாவில் அப்பெயரால் அறியப்படும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து, உடலோடு உடல் மோதி ஆடப்படும் ஆட்டம் அது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதை ஆடுகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 14 பேரில் ஒருவரே கல்லூரி அணிக்குச் செல்கிறார். லட்சம் பேர் அமரும் அரங்கங்களும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் சில பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரியவை. எஞ்சிய வீரர்களில் பெரும்பாலோர் ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்களே படிக்கும் சிறு கல்லூரிகளில் ஆடுகின்றனர். வரலாற்றாசிரியர்களின் கவனம் பெரிய அரங்கங்களின் மீதே குவிந்திருப்பதால், ஆள்சேர்ப்பின் வரலாறும் அங்கிருந்தே எழுதப்படுகிறது. சிறு கல்லூரிகளின் பக்கம் நின்று பார்த்தால் அதே வரலாறு வேறு தோற்றம் கொள்கிறது.

*அலைந்து திரிந்த ஆட்டக்காரர்கள்*

கல்லூரிகளுக்கிடையிலான முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் அணிகளுக்கிடையே நடந்தது என்பது மரபான கணக்கு. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் ஆட்டம் பார்வையாளரையும் நுழைவுக் கட்டணத்தையும் பந்தயப் பணத்தையும் ஈர்க்கத் தொடங்கியது. அதோடு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக மாறி ஆடும் ஆட்டக்காரர்களும் தோன்றினர். 1896ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபீல்டிங் யோஸ்ட், பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரிலுள்ள லஃபாயெட் என்னும் சிறு கல்லூரிக்கு அக்டோபர் மாதத்தில் திடீரென மாறினார். தொடர் வெற்றிகளால் பெயர்பெற்றிருந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அணியை லஃபாயெட் வீழ்த்தியது. ஆட்டம் முடிந்தபின் யோஸ்ட் மேற்கு வர்ஜீனியாவுக்கே திரும்பி 1897இல் சட்டப் பட்டம் பெற்றார். அவரே பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆனார்.

1905இல் ஆட்டக்களத்தில் நேர்ந்த உயிரிழப்புகள் நாட்டை உலுக்கின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் சார்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அந்த நெருக்கடியின் விளைவாக 1906இல் உருவான சங்கமே 1910 முதல் என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். ஆட்ட ஆற்றலைக் காட்டி ஒரு மாணவனைக் கல்லூரிக்கு ஈர்ப்பதையும், அந்த ஆற்றலுக்காக அவனுக்குப் பண உதவி செய்வதையும் அதன் தொடக்க விதிகள் கண்டித்தன. அன்றைய அறநெறியில், பயிற்சியாளர் மாணவனைத் தேடிச் செல்வதே குற்றம். மாணவன் தானாகக் கல்லூரிக்கு வரவேண்டும். வந்தபின் விருப்பமிருந்தால் ஆடவேண்டும்.

விதியை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் சங்கத்திடம் இல்லை. 1929 அக்டோபரில் கார்னகி அறக்கட்டளை வெளியிட்ட பேரறிக்கை அந்த இடைவெளியை வெளிச்சமாக்கியது. ஹோவர்ட் சாவேஜ் தலைமையிலான ஆய்வுக்குழு நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு நேரில் சென்று ஆவணங்களைத் திரட்டியது. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஏதேனும் ஒரு வடிவில் ஆட்டக்காரர்களுக்குப் பண உதவி செய்துவந்ததை அது கண்டது. வேலை செய்யாமலே கூலி தரும் பெயரளவு வேலைகள், பழைய மாணவர் திரட்டிய நிதி, திருப்பிக் கேட்கப்படாத கடன் என வழிகள் பலவாக இருந்தன. பெரிய பல்கலைக்கழகங்களும் சிறு கல்லூரிகளும் இதில் ஒன்றுபோலவே இருந்தன. அறிக்கை வெளியான சில நாள்களில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. நாட்டின் கவனம் வேறு பக்கம் திரும்பியது.

இந்த முதற்கட்டத்தில் பணம் கல்லூரியிலிருந்து மாணவனை நோக்கி, மறைவாகப் பாய்ந்தது.

*ஒரு தொகைச்சொல்லும் ஒரு சிறு கல்லூரியும்*

இரண்டாம் உலகப் போருக்குப்பின் என்.சி.ஏ.ஏ. மறைவை ஒழுங்குபடுத்த முயன்றது. 1948இல் ஏற்கப்பட்ட ‘நிதானக் கோட்பாடு’, பண உதவியை மாணவனின் ஏழ்மையோடும் படிப்புத் தகுதியோடும் கட்டிப்போட்டது. விதியை மீறியதாக ஏழு கல்லூரிகள் 1950இல் நிறுத்தப்பட்டபோது, அவற்றை வெளியேற்றத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்கவில்லை. 1951இல் கோட்பாடே கைவிடப்பட்டது. சில ஆண்டுகளில் விளையாட்டு உதவித்தொகை வெளிப்படையாகவே அனுமதிக்கப்பட்டது. மறைவில் தந்தது இப்போது கடிதத் தலைப்பில் தரப்பட்டது.

அப்போதுதான் ஒரு சட்டக் கேள்வி எழுந்தது. ஆடுவதற்காகக் கல்லூரி பணம் தருகிறது என்றால், ஆடுபவர் கல்லூரியின் பணியாளர் ஆகமாட்டாரா? டென்வர் பல்கலைக்கழக வீரர் எர்னஸ்ட் நெமெத் பயிற்சியின்போது காயமடைந்தார். வளாகத்தில் அவருக்குக் கிடைத்த வேலை அவர் ஆடுவதைச் சார்ந்தே இருந்தது என்பதைக் கருத்திற்கொண்டு, கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் 1953இல் அவருக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது.

இரண்டாம் வழக்கு ஒரு சிறு கல்லூரியிலிருந்து வந்தது. அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் வேளாண் கல்லூரி அணிக்காக ஆடிய ரே டெனிசன், 1955இல் ஆட்டத்தின்போது தலையில் பட்ட காயத்தால் இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கோரினார். 1957இல் அதே உச்ச நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. ஆடுவதற்கான ஒப்பந்தம் எதுவும் காட்டப்படவில்லை, கால்பந்து அக்கல்லூரியின் தொழிலும் அன்று என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தச் சூழலில் பரவிய சொல்லே ‘ஸ்டூடன்ட்-அத்லெட்’. 1951 முதல் 1987 வரை என்.சி.ஏ.ஏ.யின் நிருவாக இயக்குநராக இருந்த வால்ட்டர் பயர்ஸ், 1995இல் வெளியான தம் நூலில், வீரர்கள் பணியாளர்களாகக் கருதப்படும் அபாயத்தை எதிர்கொள்ளவே தாங்கள் இச்சொல்லை உருவாக்கி விதிகளிலெல்லாம் பதித்ததாக எழுதியிருக்கிறார். தமிழில் இதை உம்மைத்தொகையாக விரிக்கலாம்: மாணவரும் விளையாட்டு வீரரும் ஆனவர். தொகையில் இடம்பெறாத மூன்றாம் சொல் ‘பணியாளர்’. அதை வெளியே நிறுத்துவதற்காகவே முதல் இரண்டு சொற்களும் இணைக்கப்பட்டன. இன்று பயிற்சியாளர்களும் பெற்றோரும் எவ்விதத் தயக்கமுமின்றிப் பெருமையோடு வழங்கும் இச்சொல்லின் பிறப்பில் இழப்பீட்டு வழக்குகளின் நிழல் விழுந்திருக்கிறது.

*கிராம்ப்ளிங்: வேறு கதவு இல்லாதவர்களின் கல்லூரி*

ஆள்சேர்ப்பைப் பணக்கணக்காக மட்டும் பார்ப்பது வரலாற்றின் ஒரு பகுதியைத் தவறவிடுவதாகும். தென்மாநிலங்களில் நிறவேற்றுமை சட்டமாகவே இருந்த காலத்தில், வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கெனத் தோன்றிய கல்லூரிகளே அவர்களுக்கிருந்த வழி. லூயிசியானாவின் வடபகுதியில் ஒரு சிற்றூரில் இருந்த கிராம்ப்ளிங் அவற்றுள் ஒன்று.

1941இல் எடி ராபின்சன் அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22; மாதச் சம்பளம் 63.75 டாலர். ஆடுகளத்தின் புல்லை வெட்டியதும் கோடு போட்டதும் அவரே. வெளியூர்ப் பயணங்களில் வெள்ளையர் உணவகங்கள் கதவடைத்ததால், வீரர்களுக்கான உணவைக் கையோடு கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இத்தகைய பயிற்சியாளர் ஒரு தாயிடம் என்ன வாக்குறுதி தர முடியும்? உங்கள் மகன் வகுப்புக்குச் செல்வான், தேவாலயத்துக்குச் செல்வான், பட்டத்தோடு திரும்புவான் என்பதே அது. காலையில் விடுதியில் மணியடித்து வீரர்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்பும் பழக்கம் அவருக்கு இருந்தது. பருத்தி அறுவடைக்காகத் தந்தை தன் மகன்களை அணியிலிருந்து அழைத்துச் சென்றபோது, ராபின்சன் எஞ்சிய வீரர்களோடு வயலுக்கே சென்று பருத்தி எடுத்துக்கொடுத்து அவர்களை மீட்டு வந்தார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

1949இல் கிராம்ப்ளிங் வீரர் டேங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து தேசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்குச் சென்ற முதல் வீரர் அவர். 1963இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் வீரர் தேர்வில் முதலாவதாகத் தேர்வு பெற்றவர் பக் பக்கானன். அவரும் கிராம்ப்ளிங் மாணவரே. பக்கானனின் சொந்த ஊர் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம். அவர் வளர்ந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழக அணியில் அவருக்கு அன்று இடமில்லை. 1997இல் ஓய்வு பெற்றபோது ராபின்சனின் வெற்றிக் கணக்கு 408.

1970 செப்டம்பரில், பர்மிங்காமில் நடந்த ஆட்டத்தில் கறுப்பின வீரர்களைக் கொண்ட தென்கலிபோர்னியா அணி அலபாமாவை 42-21 என வென்றது. ஒரே ஆட்டம் நிறவேற்றுமையை முடித்துவைத்தது என்பது மிகைக்கூற்று. 1967இலேயே கென்டக்கி தொடங்கிவைத்த மாற்றம் அது. அலபாமாவும் தன் முதல் கறுப்பின உதவித்தொகை வீரரை ஏற்கெனவே சேர்த்திருந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டில் தென்மாநிலப் பெரும் பல்கலைக்கழகங்கள் எல்லாம் கறுப்பின மாணவர்களைத் தேடி வரத் தொடங்கின. நீதியின் பக்கம் நடந்த இந்த மாற்றம், ஆள்சேர்ப்பில் சிறு கறுப்பினக் கல்லூரிகளின் கையை வலுவிழக்கச் செய்தது. மணியடித்து எழுப்பிய பயிற்சியாளரின் வாக்குறுதியோடு, தொலைக்காட்சியும் முழு உதவித்தொகையும் இப்போது போட்டியிட்டன. ஒதுக்கப்பட்டவர்களுக்காக எழுந்த நிறுவனங்கள், ஒதுக்கல் தளர்ந்தபோது அதன் விலையின் ஒரு பகுதியைத் தாமே செலுத்தின.

*உதவித்தொகை இல்லாத பிரிவு*

1973இல் என்.சி.ஏ.ஏ. தன் உறுப்பினர்களை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. முதற்பிரிவில் பெரும் பல்கலைக்கழகங்கள். இரண்டாம் பிரிவில் கால்பந்துக்கு அதிகபட்சம் 36 முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகை. அதைத் துண்டுதுண்டாகப் பிரித்து நூறு வீரர்களுக்குக்கூடப் பகிரலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே இல்லை. இன்று அங்கே கால்பந்து ஆடும் கல்லூரிகள் ஏறத்தாழ 240. எண்ணிக்கையில் இதுவே மிகப் பெரிய கால்பந்துப் பிரிவு. சிறு கல்லூரிகள் பல உறுப்பினராக உள்ள என்.ஏ.ஐ.ஏ. என்னும் தனிச் சங்கமும் உண்டு. அங்கே அளவான உதவித்தொகை அனுமதிக்கப்படுகிறது.

மூன்றாம் பிரிவின் விதி 1906இன் பழைய இலட்சியத்தை மீட்டெடுத்தது போலத் தோன்றும். பணம் இல்லை, படிக்க வருபவர் விருப்பத்தால் ஆடுகிறார். அந்த இலட்சியத்தின் சிறந்த முகம் மின்னசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953 முதல் 2012 வரை பயிற்சியளித்த ஜான் கால்யார்டி. கல்லூரிக் கால்பந்திலேயே மிக அதிகமாக 489 வெற்றிகள் பெற்றவர் அவர். ஊதல் ஊதமாட்டார், பயிற்சியில் வீரர்களை மோதி வீழ்த்தச் சொல்லமாட்டார், ஆட வந்த எவரையும் அணியிலிருந்து நீக்கமாட்டார். மாணவர்கள் அவரை ஜான் என்று பெயர்சொல்லியே அழைத்தனர். தன் மாநிலத்துப் பையன்களையே பெரிதும் நம்பி, உதவித்தொகை இன்றி, அறுபது ஆண்டுகள் வென்றுகாட்டிய அவருடைய அணி, இலட்சியம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்குச் சான்று.

ஆனால் விதியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உதவித்தொகை இல்லை என்றால் சேரும் மாணவன் கட்டணம் கட்டுகிறான் என்று பொருள். கட்டணத்தையே நம்பி வாழும் ஒரு தனியார் கல்லூரிக்கு, நூறு வீரர்கள் கொண்ட அணி என்பது கட்டணம் கட்டும் நூறு மாணவர்கள். சலுகை போக ஒரு மாணவனிடமிருந்து ஆண்டுக்கு 20,000 டாலர் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அணி 20 லட்சம் டாலர் கொண்டுவருகிறது. பயிற்சியாளர் சம்பளம், சீருடை, பயணச் செலவு அனைத்தும் போனாலும் மிச்சம் இருக்கக்கூடும். வேறு எந்த விளையாட்டும் ஓர் அணிக்கு இத்தனை பேரைக் கேட்பதில்லை. பெண் மாணவர்களே பெரும்பான்மையாகிவிட்ட கல்லூரிகளில், ஆண் மாணவர்களை மொத்தமாக அழைத்துவரும் வழியாகவும் கால்பந்து பார்க்கப்படுகிறது.

*பயிற்சியாளரின் ஓராண்டு*

சிறு கல்லூரியின் துணைப் பயிற்சியாளருக்கு ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்படும்: இரண்டு மூன்று மாவட்டங்கள், சில சமயம் தொலைவிலுள்ள மாநிலம் ஒன்று. அப்பகுதியின் பள்ளிப் பயிற்சியாளர்களிடம் பெயர்கள் கேட்பதில் வேலை தொடங்கும். முன்பு திரைப்படச் சுருள்களும் பிறகு ஒளிநாடாக்களும் அஞ்சலில் வந்தன. 2006இல் நெப்ராஸ்காவில் தொடங்கப்பட்ட ஹட்ல் போன்ற சேவைகள் வந்தபின், பள்ளி ஆட்டங்களின் காணொளியை இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிகிறது. தேடுவது எளிதாகிவிட்டதால் பட்டியலும் நீண்டது. ஆயிரக்கணக்கான பெயர்களில் தொடங்கி, சில நூறு பேருடன் பேசி, முப்பது நாற்பது பேரைச் சேர்ப்பதே இலக்கு.

பட்டியலில் முதலில் நீங்குபவர்கள் மிகச் சிறந்தவர்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் அவர்களைக் கொண்டுபோய்விடும் என்பது பயிற்சியாளருக்குத் தெரியும். அவர் காத்திருப்பது, இரண்டு அங்குலம் உயரம் குறைந்ததால் அல்லது ஓட்டத்தில் நொடியின் சிறு பங்கு பிந்தியதால் மேலே தேர்வாகாத பையனுக்காக. மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்திடம் முன்கூட்டியே காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. பிறகு இரவு நேரத் தொலைபேசி உரையாடல்கள், வளாக வருகை, அணி அறையில் அவன் பெயர் பொறித்த சீருடையோடு ஒரு படம். கூட்டரசு உதவிக்கான படிவத்தைக் குடும்பம் நிரப்பிவிட்டதா என்று விசாரிப்பதும் பயிற்சியாளரின் வேலையாகிறது.

பணம் பற்றிய பேச்சில் நுட்பமான ஓரிடம் உண்டு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுத் திறனைக் கருதிச் சலுகை தரக்கூடாது. ஆனால் தனியார் கல்லூரிகளில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தை முழுதாகக் கட்டுவோர் அரிது. புதிதாகச் சேருவோருக்குச் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட தொகை ‘தகுதி உதவி’, ‘கல்லூரி நல்கை’ என்னும் பெயர்களில் குறைக்கப்படுகிறது. கடிதத்தில் பெரிய எண்ணைக் காணும் குடும்பம், மகனின் ஆட்டத்துக்குக் கிடைத்த பரிசு என்று எண்ணிக்கொள்கிறது. அதே மதிப்பெண் பெற்ற, பந்தையே தொடாத மாணவிக்கும் அதே எண்தான் வந்திருக்கும். பள்ளியில் மேடையிட்டு, தொப்பி அணிந்து, உறவினர் சூழ அவன் கையெழுத்திடும் படிவம், இப்பிரிவில் கொண்டாட்டத்துக்கானது மட்டுமே. அது மாணவனையும் கட்டுப்படுத்தாது, கல்லூரியையும் கட்டுப்படுத்தாது.

தமிழில் ‘சேர்க்கை’ என்பதும் ‘ஆள்சேர்ப்பு’ என்பதும் தனித்தனிச் சொற்கள். முன்னது கல்லூரிக்கு உரியது. பின்னது படைக்கும் வேலைக்கும் உரியது. ஆங்கிலத்தில் இவ்வழக்குக்கு வழங்கும் ‘ரெக்ரூட்’ என்னும் சொல்லும் பிரெஞ்சு மொழியிலிருந்து படைத்துறை வழியாக வந்ததே. மீண்டும் வளர்தல் என்பது அதன் வேர்ப்பொருள். இழந்த படையை நிரப்புதல் வழக்குப்பொருள். சிறு கல்லூரியில் இவ்விரு செயல்களும் ஒரே மனிதரின் கையில் கலந்துவிட்டன. பயிற்சியாளர் தன் அணியை நிரப்புகிறார். அதே கையால் கல்லூரியின் வகுப்பறையையும் நிரப்புகிறார்.

*இருவகைப் பற்றாக்குறை*

இதைப் புரிந்துகொள்ள இரு கல்லூரிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர், நாட்டின் மிகத் தேர்ந்த கல்லூரிகளுள் ஒன்று. 2000ஆம் ஆண்டளவில் அங்கே மாணவர் ஏறத்தாழ 1,400 பேர். விண்ணப்பிப்போர் மிகப் பலர். இடங்கள் மிகச் சில. அத்தகைய கல்லூரியில் கால்பந்து அணிக்கு ஒதுக்கப்படும் ஒவ்வோர் இடமும் வேறொரு விண்ணப்பதாரருக்கு மறுக்கப்படும் இடம். நீண்ட விவாதத்துக்குப்பின் 2000 டிசம்பரில் அக்கல்லூரி கால்பந்தையே கைவிட்டது; பழைய மாணவர்களின் கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. அடுத்த ஆண்டில் வெளியான ஜேம்ஸ் ஷுல்மன், வில்லியம் போவன் ஆகியோரின் ஆய்வுநூல் இதே கவலையைத் தரவுகளோடு விரித்தது. உதவித்தொகையே இல்லாத சிறு கல்லூரிகளிலும், பயிற்சியாளரின் பரிந்துரை சேர்க்கையில் பெரும் சலுகையாகச் செயல்படுகிறது என்பது அதன் கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

மிச்சிகனின் ஏட்ரியன் கல்லூரியின் நிலை இதற்கு நேரெதிர். 2005இல் ஜெஃப்ரி டாக்கிங் தலைவராக வந்தபோது மாணவர் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே இருந்தது. அங்கே பற்றாக்குறை இடத்துக்கு அன்று, மாணவருக்கு. விளையாட்டு வசதிகளில் முதலீடு செய்து, புதிய அணிகளைத் தொடங்கி, ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் இத்தனை மாணவர் என இலக்கு வைத்தார் டாக்கிங். சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கானது. இந்த அனுபவத்தை மற்றச் சிறு கல்லூரிகளுக்கும் பரிந்துரைத்து 2015இல் அவர் நூலும் எழுதினார். கால்பந்து அணியைப் புதிதாகத் தொடங்கிய சிறு கல்லூரிகள் பலவற்றின் கணக்கு இதுவே.

ஸ்வார்த்மோரில் பயிற்சியாளர் கேட்பது ஓர் இடத்தை. ஏட்ரியனில் அவர் கொண்டுவருவது ஒரு மாணவனை. முன்னதில் ஆள்சேர்ப்பு கல்லூரிக்குச் செலவு, பின்னதில் வரவு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் பொதுவிவாதம் குழம்புகிறது. வசதியான கல்லூரிகளைப் பற்றிய ஆய்வின் முடிவுகள், பிழைப்புக்குப் போராடும் கல்லூரிகளுக்குப் பொருந்துவதில்லை.

*எண்ணிக்கைக்குள் ஒரு பையன்*

வரவுக்கணக்கு தவறானது என்று எளிதில் சொல்லிவிட முடியாது. கால்பந்து இல்லையென்றால் கல்லூரிப் பக்கமே வந்திருக்காத இளைஞர் பலர் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வெளியேறியவர்களும், ஒரு பயிற்சியாளர் தன்மீது வைத்த நம்பிக்கையை வாழ்நாள் முழுதும் நினைத்திருப்பவர்களும் அவர்களுள் அடங்குவர். கல்லூரி உயிரோடிருப்பதால் அந்தச் சிற்றூரும் உயிரோடிருக்கிறது.

ஆயினும் கணக்குக்குள் சில கேள்விகள் மறைந்துகிடக்கின்றன. களத்தில் ஒரே நேரத்தில் ஆடுபவர் 11 பேர். அணியில் 130 பேர் இருந்தால், பெரும்பாலோர் சனிக்கிழமைகளில் ஓரத்தில் நின்று பார்ப்பவர்களே. முதலாண்டு முடிந்ததும் சிலர் ஆட்டத்தை விடுகின்றனர். சிலர் கல்லூரியையே விடுகின்றனர். விட்டுச் சென்றவனுக்குப் பட்டம் இல்லை; கல்விக்கடன் உண்டு. அவன் இடத்தை நிரப்ப அடுத்த ஆண்டு இன்னொருவன் அழைக்கப்படுகிறான். படையின் சொல்லான ஆள்சேர்ப்பு இங்கே தன் பழைய பொருளை முழுமையாகப் பெறுகிறது.

அணி சேர்த்த மாணவர்கள் கல்லூரியைக் காப்பாற்றிவிடுவார்கள் என்பதற்கும் உறுதி இல்லை. 1846இல் நிறுவப்பட்ட இலினாய் மாநிலத்தின் மெக்மர்ரே கல்லூரி 2020இலும், 1842இல் நிறுவப்பட்ட அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் 2023இலும் மூடப்பட்டன. இரண்டிலும் கால்பந்து அணி இருந்தது. பயிற்சியாளர் உண்மையான நம்பிக்கையோடு அழைத்துவந்த மாணவர்கள், படிப்பின் நடுவில் வேறு கல்லூரி தேட நேர்ந்தது.

2025 ஜூனில் ஒரு கூட்டரசு நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முதற்பிரிவுப் பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதலாண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்குமான உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். 1929இல் மறைவாகப் பாய்ந்த பணம் நூறாண்டை நெருங்கும் வேளையில் சட்டப்படி பாய்கிறது. அதே நாட்டில், அதே ஆட்டத்தில், அதே ‘ஸ்டூடன்ட்-அத்லெட்’ என்னும் பெயரைச் சுமந்தபடி, சிறு கல்லூரி மாணவன் ஆடுவதற்கான இடத்துக்குத் தானே பணம் கட்டுகிறான். ஒரே தொகைச்சொல்லுக்குள் ஊதியம் பெறுபவரும் கட்டணம் செலுத்துபவரும் இருக்கின்றனர். மேலே உள்ளவரைப் பற்றி நீதிமன்றங்களும் நாளிதழ்களும் நிறையப் பேசுகின்றன. கீழே உள்ளவரைப் பற்றிய ஆவணங்கள் சேர்க்கை அலுவலகங்களின் கோப்புகளில் கிடக்கின்றன. வரலாறு இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

அதுவரை அந்த வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. மூன்றாண்டுகளுக்கு முன் இதே அணியில் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இன்று இறுதியாண்டில் இருப்போர் எத்தனை பேர்? சலுகையெல்லாம் போக நான்காண்டுகளுக்கும் சேர்த்து ஆகும் செலவு எவ்வளவு? கால்பந்தை விட்டுவிட்டாலும் அந்தச் சலுகை தொடருமா? நல்ல பயிற்சியாளர் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்வார். மணியடித்து மாணவர்களை வகுப்புக்கு அனுப்பிய ராபின்சன், ஒரு தாய்க்குத் தந்த வாக்குறுதியும் இவற்றுக்கான விடைதான்.